யாரையும் திருப்பி அனுப்புவதில்லை

கிரெட்சன் கடைக்குள் வந்தபோது நான் ஏணியில் நின்றபடி ஓர் அறுவடை இயந்திரத்தின் பெல்ட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். டிராக்டருக்கும் அறுவடை இயந்திரத்துக்கும் உதிரிபாகம் விற்கிற கடையில் எனக்கு வேலை. ஜனவரியில் வாங்க வருகிறவர்களைவிட, ஓசிக் காபி குடித்துவிட்டு வானிலையைத் திட்ட வருகிறவர்கள்தான் அதிகம். கிரெட்சன் அந்த ரகமில்லை. ஹார்லோ ஊர் மனநல மையத்தின் இயக்குநர் அவள். நகரத்தில் படித்து, நகரத்தில் வேலை பார்த்து, பிறகு எங்கள் மேல் இரக்கப்பட்டு இந்தப் பொட்டல் வெளிக்கு வந்தவள். பூட்ஸில் ஒட்டியிருந்த பனியைக்கூடத் தட்டாமல் நேராகக் கவுண்ட்டருக்கு வந்து நின்றாள். அப்போதே ஏதோ சரியில்லை என்று எனக்குப் பட்டது.

“வெர்னா, உங்ககிட்ட ஒரு சின்ன உதவி.”

“பெல்ட்டா, பேரிங்கா?” என்றேன் மேலிருந்தபடியே.

அவள் சிரிக்கவில்லை. “நாளைக்கு ஒரு நாள் மட்டும் ஆர்லினை வீட்டுலயே வச்சுக்க முடியுமா?”

நான் ஏணியிலிருந்து இறங்கினேன். மெதுவாகத்தான் இறங்கினேன். வேகமாக இறங்கியிருந்தால் கையில் இருந்த பெல்ட்டாலேயே அவளை இரண்டு சாத்து சாத்தியிருப்பேன்.

ஆர்லின் என் தம்பி. நாற்பது தாண்டிவிட்டான். பள்ளிக்கூடத்துக் கால்பந்து அணியில் எதிராளியை மோதித் தள்ளுகிற ஆளாக இருந்தவன். இருபது வயதில், மற்றவர்கள் காதில் விழாத குரல்கள் அவன் காதில் விழ ஆரம்பித்தன. அன்றிலிருந்து என்னோடுதான் இருக்கிறான். மாதம் ஓர் ஊசி போட்டால் குரல்கள் அடுத்த அறைக்குப் போய்விடும் என்பான். கேமராக்கள் மட்டும் போகாது. அவை தன் முகத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு யாருக்கோ அனுப்புகின்றன என்ற நம்பிக்கையை எந்த மருந்தாலும் அசைக்க முடியவில்லை. மற்றபடி அவன் நாள் ஒழுங்காக ஓடும். காலையில் மையம் திறக்கிற நேரத்துக்கு நடந்தே போவான். கையுறைகளைக் கழற்றி ஹீட்டர் மேல் காயவைப்பான். காபி மேசைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கோப்பை குடிப்பான். தனக்குத்தானே கொஞ்சம் பேசுவான், சில நாள் சத்தமாகவே பேசுவான். நர்ஸ் பெவ் போகிறபோக்கில் அவனோடு இரண்டு வார்த்தை பேசுவாள். பிறகு எழுந்து மளிகைக் கடைக்குப் போய் அட்டைப்பெட்டிகளை மடித்து அடுக்குவான். அந்த இரண்டு கோப்பைக் காபிதான் அவனை அந்த நாளுக்குள் கொண்டுபோய் விடுகிறது. அது இல்லாத நாளில் அவன் எங்கே போவான் என்று எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது.

“நாளைக்கு ஆய்வுக்கு வர்றாங்க,” என்றாள் கிரெட்சன். “உங்களுக்கே தெரியும். அவங்க இருக்கிற நேரத்துல அவர் சத்தமா பேச ஆரம்பிச்சா, காத்திருக்கிற இடம் பாதுகாப்பா இல்லைன்னு நினைப்பாங்க. ஒரே ஒரு நாள்.”

“அவன் என்ன ஆடா மாடா, கட்டிப் போட?”

“நான் அப்படிச் சொல்லல.”

“அப்படித்தான் சொன்ன. கொஞ்சம் மரியாதையா சொன்ன, அவ்வளவுதான்.”

ஆய்வு எதற்கு என்று எனக்குத் தெரியும். இந்த ஊரில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் கிடையாது. அந்த ஆய்வைக் கொண்டுவந்த சட்டத்துக்காகத் தலைநகரம் வரைக்கும் போய்க் கத்தியவள் நான். எங்கள் மாநிலத்துச் சட்டசபை குளிர்காலத்தில்தான் கூடும். உழவர்களுக்கு அப்போதுதான் ஓய்வு என்று யாரோ எப்போதோ வைத்த ஏற்பாடு. சாலையே தெரியாதபடி பனி பறக்கிற நாளில் பெவ்வும் நானும் வண்டியை ஓட்டிக்கொண்டு போனோம். சட்டசபைக் குழுவின் அறையில் பேசுகிறவருக்கு முன்னால் ஒரு சின்ன விளக்கு வைத்திருந்தார்கள். பச்சை எரிந்தால் பேசலாம், மஞ்சள் எரிந்தால் முடிக்க வேண்டும், சிவப்பு எரிந்தால் வாயை மூட வேண்டும். ஒரு செனட்டர் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். நான் ஆர்லினின் கதையைச் சொன்னேன். ஒரு டிசம்பரில் ஊசி தவறிப்போய், வெறுங்காலோடு தெருவில் நின்று குரல்களோடு சண்டை போட்டான். அன்றைக்கு என்னிடம் இருந்த ஒரே தொலைபேசி எண் எங்கள் வட்டாரப் போலீசான ஷெரிஃப் அலுவலகத்தின் எண்தான். அங்கிருந்து ஒரு டெபுடி வந்தார். யாரையும் அடிக்காத, எதையும் திருடாத என் தம்பியின் கையில் விலங்கு மாட்டி, கம்பிவலை போட்ட பின்சீட்டில் ஏற்றி, அரை நாள் தூரத்தில் இருக்கிற மாநில மனநல மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சிவப்பு எரிந்தது. குழுத் தலைவர், “நன்றி அம்மா,” என்றார். “நாங்க இன்னும் பாதி வழியிலதான் இருக்கோம் அய்யா. அவன் கையில விலங்கு அப்படியே இருக்கு,” என்று சொல்லிவிட்டு மீதியையும் பேசினேன். ஆரஞ்சு உரித்தவர் உரிப்பதை நிறுத்தினார்.

மறு வருடம் சட்டம் நிறைவேறியது. ஆளுநர் கையெழுத்துப் போடும்போது தன் பெயரின் ஒவ்வோர் எழுத்தையும் ஒவ்வொரு பேனாவால் எழுதி, சுற்றி நின்ற எங்களுக்குப் பேனாவைப் பரிசாகக் கொடுத்தார். அது அங்கே வழக்கம். என் பேனா அரை எழுத்துதான் எழுதியிருக்கும். எனக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. எனக்கு வேண்டியது சட்டத்துக்குள் இருந்தது: ஆய்வில் தேறிச் சான்று வாங்குகிற மையம் யாரையும், எந்தக் காரணத்துக்காகவும், திருப்பி அனுப்பக் கூடாது. அழைத்தால் எந்நேரமும் ஆள் வர வேண்டும், விலங்கோடு போலீஸ் அல்ல, மனநலம் தெரிந்த ஆள். மையத்தின் நிர்வாகக் குழுவில் நோயாளிகளும் அவர்கள் குடும்பத்தாரும் உட்கார வேண்டும். அப்படித்தான் நான் ‘குடும்பத்தார் உறுப்பினர்’ ஆனேன். உதிரிபாகக் கடைக்காரிக்கு ஒரு பதவி. சான்று கிடைக்காத மையத்துக்கு அடுத்த கோடையிலிருந்து மாநில அரசின் ஆதரவு நின்றுவிடும். ஆதரவு நின்றால் எங்கள் மையத்தைப் பூட்டிவிடுவார்கள். அடுத்த மையம் ஆற்றுக்கு அந்தப் பக்கம். இந்தக் குளிரில் ஆர்லின் அங்கே நடந்து போக முடியாது.

“இன்னொண்ணும் சொல்லணும்,” என்றாள் கிரெட்சன், கவுண்ட்டரில் இருந்த திருகாணிகளைப் பார்த்துக்கொண்டே. “இன்னிக்கு முன்கதவுக்குப் புதுப் பூட்டு மாட்டுறாங்க. பெல் அடிச்சு, கேமராவைப் பார்த்துப் பேரும் வந்த காரியமும் சொல்லணும். உள்ள இருந்து திறப்போம். எல்லாருக்கும்தான். ஆலோசகர் வச்சிருந்தோம் இல்ல, அவர் சொன்னாரு, பெரிய மையங்கள்ல எல்லாம் இப்படித்தானாம்.”

“கேமரான்னா ஆர்லினுக்கு என்னன்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும். அதான் வீட்டுல வச்சுக்கச் சொன்னேன்.”

எங்கள் பக்கத்தில் பழைய குடும்பங்களின் வீட்டில் முன்னறை என்று ஒன்று இருக்கும். நல்ல சோபா, அதன் மேல் பிளாஸ்டிக் உறை, கண்ணாடி அலமாரி. வீட்டில் இருப்பவர் ஒருவரும் அங்கே உட்கார மாட்டார்கள். பாதிரியார் வந்தால்தான் உறையை எடுப்பார்கள், அவர் வருகிற அன்று குடும்பமே சமையலறையில் ஒடுங்கிக் கிடக்கும். மையத்தையும் அப்படி ஒரு முன்னறையாக ஆக்கிவிட்டார்கள். புதுக் கம்பளம், புது நாற்காலிகள், சுவரில் சூரியகாந்தி வயலின் படம். அங்கே உட்காரத்தான் ஆட்கள் வேண்டாமாம். எனக்கு வந்த கோபத்தில் அன்று முழுவதும் யார் எந்தப் பாகம் கேட்டாலும் இல்லை என்றே சொன்னேன்.

சாயங்காலம் ஆர்லினிடம் விஷயத்தைச் சொன்னேன். உருளைக்கிழங்கும் மாட்டுக் கொத்துக்கறியும் சேர்த்து அடுப்பில் சுட்டதைச் சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்.

“பேரு சொல்லணுமா?”

“ஆமா. கேமராவைப் பார்த்து.”

“அதுக்கு என் பேரு ஏற்கெனவே தெரியும், வெர்னா.”

“நாளைக்கு நான் கூட வரட்டுமா? பதினோரு மணிக்கு நானும் அங்க போகணும். அவங்க என்கிட்ட ஏதோ கேக்கணுமாம்.”

“பதினோரு மணிக்கு யாராவது காலைக் காபி குடிப்பாங்களா?” என்றான். அவனுக்கு என் மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்துவிட்டது. தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுக்கப் போனான்.

மறுநாள் காலை பூஜ்யத்துக்குக் கீழே எங்கேயோ இருந்தது குளிர். காற்று வேறு. கடையைத் திறந்து விளக்கைப் போடுவதற்குள் தொலைபேசி அடித்தது. மையத்தின் வரவேற்பில் இருக்கிற ஜோலீன், குரலை அடக்கிக்கொண்டு பேசினாள். அவளும் ஆர்லினும் ஒரே தேவாலயத்தில் ஞானஸ்நானம் வாங்கியவர்கள்.

“வெர்னா, ஆர்லின் வந்தான். பெல் அடிக்கல. கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு ரொம்ப நேரம் கதவுக்கு வெளிய நின்னான். நான் திறக்கலாம்னு பட்டன்ல கை வச்சேன். கிரெட்சன் அந்தப் பக்கம் அவங்களோட உட்கார்ந்திருக்கா, வேண்டாம்னு தலையை ஆட்டினா. இப்போ ஆளைக் காணோம்.”

“எந்தப் பக்கம் போனான்?”

“வடக்கே. வெர்னா, கையில உறை இல்ல. அவன் நேத்து இங்க மறந்துட்டுப் போனான். சாயங்காலம் சுத்தம் பண்றப்போ எல்லாத்தையும் அள்ளி ஒரு பெட்டியில போட்டுட்டாங்க, அந்தப் பெட்டி எங்கன்னு எனக்குத் தெரியல.”

அந்தக் குளிரில் வெறுங்கை எவ்வளவு நேரம் தாங்கும் என்று இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். நான் மனநல அவசர எண்ணை அழைத்தேன். அந்த எண் வருவதற்காகத்தான் தலைநகரம் போனேன், சிவப்பு விளக்கைத் தாண்டிப் பேசினேன். ஏதோ ஒரு தூரத்து ஊரிலிருந்து ஒரு பையன் எடுத்தான். பஞ்சு போலக் குரல்.

“அழைச்சதுக்கு நன்றி. இப்போ நீங்க பாதுகாப்பான இடத்துல இருக்கீங்களா?”

“நான் இருக்கேன்பா. என் தம்பிதான் இல்ல. கையுறை இல்லாம வெளிய போயிட்டான். ஹார்லோ டீமை அனுப்பு.”

“உங்க கவலை எனக்குப் புரியுது.” விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது. “ஹார்லோ டீம் இப்போ ஒரு ஆய்வுல இருக்காங்கன்னு காட்டுது. கிராமப் பகுதிக்கு ரெண்டு மணி நேரத்துக்குள்ள வரலாம்னு விதி. கண்டிப்பா அதுக்குள்ள வந்துடுவாங்க.”

“ரெண்டு மணி நேரத்துல விரலை வெட்டித்தான் எடுக்கணும்.”

“நீங்க கோபமா இருக்கீங்கன்னு தெரியுது. ஒரு தடவை மூச்சை ஆழமா இழுத்து...”

வைத்துவிட்டேன். கடை ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெருக்கோடியில் மையம் தெரியும். வாசலில் அவசரக் குழுவின் வேன் நின்றது. கழுவித் துடைத்து, மையத்தின் பெயர் எழுதிய பக்கம் தெருவைப் பார்க்கிற மாதிரி நிறுத்தியிருந்தார்கள். உள்ளே அந்தக் குழு, தாங்கள் எவ்வளவு சீக்கிரம் கிளம்புவோம் என்பதை ஆய்வாளர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்திருக்கும். என் வாழ்நாளில் எத்தனையோ பேர் மேல் கோபப்பட்டிருக்கிறேன், ஆனால் ஒரு வேன் மேல் அப்படிக் கோபம் வந்தது அன்றைக்குத்தான்.

வேறு வழியில்லை. ஷெரிஃப் அலுவலகத்தைக் கூப்பிட்டேன். டுவேன் ஷாஃபர் வந்தான். ஆர்லினோடு ஒரே வகுப்பு, ஒரே கால்பந்து அணி. ஆர்லினுக்கு விலங்கு மாட்டிய டெபுடியும் அவன்தான். நான் சட்டசபையில் பேசிய அந்த டெபுடி. அதற்குப் பிறகு மளிகைக் கடையில் பார்த்தால் இரண்டு பேரும் ஆளுக்கொரு அலமாரிப் பக்கம் திரும்பிக்கொள்வோம்.

“உன் வண்டி வேண்டாம்,” என்றேன். “அந்தக் கம்பிவலையைப் பார்த்தா ஓடிடுவான். என் பிக்கப்புல ஏறு.”

ஒரு நொடி என்னைப் பார்த்தான். பிறகு தன் வண்டியை அணைத்துவிட்டு, துப்பாக்கி பெல்ட்டை நகர்த்திக்கொண்டு என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான். வடக்குச் சாலையில் ஓட்டினேன். அவன் ஒரு பக்கம் பார்க்க, நான் மறுபக்கம் பார்க்க, தானியக் கிடங்கைத் தாண்டினோம். ஆளே இல்லை.

“நீ தலைநகரத்துல பேசினதை டிவியில போட்டாங்க,” என்றான் டுவேன். “என் பொண்ணு ஸ்கூல்ல இருந்து வந்து கேட்டா, ‘அப்பா, அந்த டெபுடி நீதானா’ன்னு.”

“நீ என்ன சொன்ன?”

“நான்தான்னு சொன்னேன். வேற என்ன சொல்ல?” ஜன்னலில் படிந்த ஆவியைக் கையுறையால் துடைத்தான். “விலங்கை முன்னால வச்சுத்தான் போட்டேன், வெர்னா. பின்னால கையைக் கட்டணும்னு ரூல். நான் முன்னால போட்டேன்.”

“அதுக்கு நான் நன்றி சொல்லணுமா?”

“சொல்ல வேண்டாம். நீ அதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்னு சொல்றேன்.”

“எனக்கு மூணு நிமிஷம்தான் குடுத்தாங்க.”

“நீ அதுக்கும் மேல பேசினியாமே.”

அவன் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது, அதைக் கேட்டு எனக்கு இன்னும் கோபம்தான் வந்தது. வழியில் ஒரு நல்ல மனிதன் விலங்கை முன்பக்கம் மாட்டினான் என்பதா கதை? விலங்கு எதற்கு என்பதுதானே கதை?

கண்காட்சி மைதானத்துக்குப் பக்கத்தில் வந்தபோது டுவேன் கண்ணாடியைத் தட்டினான். கோடையில் குதிரைப் பந்தயம் நடக்கிற நீள்வட்டப் பாதை அது. இப்போது வெறும் வெள்ளை. அதில் ஆர்லின் நடந்துகொண்டிருந்தான். போய்க்கொண்டிருக்கவில்லை, சுற்றிக்கொண்டிருந்தான். அவன் காலடியில் பனி அமுங்கி ஒரு பாதையே விழுந்திருந்தது. கைகளைச் சட்டைப்பைக்குள்கூட விடவில்லை. முகத்தைக் காட்டக் கூடாது என்று இரண்டு கைகளாலும் கன்னத்தை மறைத்துக்கொண்டு நடந்தான்.

நான் ஓடினேன். பனியில் ஓட்டம் எங்கே, தடுமாறிக்கொண்டு போனேன். அவன் விரல் நுனிகள் மெழுகு நிறத்தில் இருந்தன. பிடித்தபோது உயிருள்ள ஒருவரின் கை என்று தோன்றவில்லை. பின்னாலேயே வந்த டுவேன் தன் கையுறைகளைக் கழற்றினான்.

“ஆர்லின், இதைப் போட்டுக்கோ. போலீஸ் கையுறைதான், ஆனா உள்ள ஆட்டுரோமம்.”

ஆர்லின் அவனை உற்றுப் பார்த்தான். “என்னைக் கூட்டிட்டுப் போகவா வந்த?”

“இல்லடா. உங்க அக்கா வண்டியில நானே ஓசிச் சவாரி.”

கையுறைகளை அவன் கையில் மாட்டிவிட வேண்டியிருந்தது, விரல்கள் மடங்கவில்லை. வண்டியில் அவனை நடுவில் உட்காரவைத்து ஹீட்டரை முழுக்கத் திருப்பினேன். உயிர் திரும்புகிற வலி விரலில் ஏற ஆரம்பித்ததும் ஆர்லின் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினான். அந்த முனகலைக் கேட்டு என் கண்ணில் நீர் வந்தது. அழுகையில்லை அது, ஆத்திரம். பெரிய மருத்துவமனை வெகு தூரம், பக்கத்தில் இருக்கிற ஒரே நர்ஸ் பெவ்தான். ஆர்லினும் அதையேதான் சொன்னான், வேறு விதமாக.

“நான் இன்னும் காபி குடிக்கல, வெர்னா.”

மையத்தின் வாசலில் பனியைச் சுரண்டி உப்புத் தூவியிருந்தார்கள். கதவுக்கு மேலே கோலிக்குண்டு அளவில் ஒரு கேமரா. ஆர்லின் படிக்குக் கீழேயே நின்றுவிட்டான், முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு. டுவேன் அவன் பக்கத்தில் நின்றான். நான் போய் பெல்லை அழுத்தினேன்.

“பேரும் வந்த காரியமும் சொல்லுங்க,” என்றது ஜோலீனின் குரல்.

“ஜோலீன், நான்தான். ஆர்லின் கை மரத்துப் போயிருக்கு. பெவ்வைக் கூப்பிடு.”

“வெர்னா,” குரல் கெஞ்சியது, “தயவுசெய்து பேரு சொல்லிடேன். அவங்க பார்க்கிறாங்க.”

“வெர்னா ஹால்வர்சன். உங்க நிர்வாகக் குழுவோட குடும்பத்தார் உறுப்பினர். காரியம், என் தம்பி.”

கதவு கிர்ரென்று சத்தமிட்டுத் திறந்தது. நான் பிடித்துக்கொண்டு ஆர்லினைக் கூப்பிட்டேன். அவன் அசையவில்லை. கேமராவுக்குக் கீழே வர மாட்டான். அவனைத் தூக்கிக்கொண்டா போக முடியும், என்னைவிட இரண்டு மடங்கு ஆள். கதவின் தானியங்கிக் கை என் தோளை அழுத்திக்கொண்டே இருந்தது, எப்படியாவது மூடிவிட வேண்டும் என்று அதற்கு அவ்வளவு அவசரம். உள்ளே புதுக் கம்பளத்தின் மேல் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். கிரெட்சன், அவசரக் குழுவின் இரண்டு பேர், சாம்பல் நிற ஸ்வெட்டரில் ஆய்வுக்கு வந்த ஓக்ஸ் அம்மாள், அவருடைய உதவியாளர். நடுவில் ஒரு தட்டு நிறைய எலுமிச்சைத் துண்டுக் கேக்.

அதுவரை நான் என்ன நினைத்திருந்தேன் என்றால், பதினோரு மணிக்கு உள்ளே போய், எல்லாம் நன்றாக இருக்கிறது, இவர்கள் யாரையும் திருப்பி அனுப்புவதில்லை என்று சொல்லிவிடலாம் என்றுதான். சான்று போனால் மையம் போகும், மையம் போனால் ஊசி போகும். அதற்காக ஒரு பொய் சொல்ல நான் தயாராகத்தான் இருந்தேன். இப்போது அந்தக் கேக்கைப் பார்த்ததும் எனக்குள் இருந்த பொய் எல்லாம் தீர்ந்துபோயிற்று.

“டுவேன், இதைப் பிடி,” என்றேன்.

அவன் வந்து கதவைப் பிடித்தான். நான் பிக்கப்பின் பின்பக்கம் போனேன். குளிர்காலத்தில் பின்சக்கரம் வழுக்காமல் இருக்க எல்லோரையும் போல நானும் மணல் மூட்டைகள் போட்டு வைத்திருந்தேன். ஒன்றை இழுத்துக் கீழே தள்ளி, கல்லாக இறுகிப்போயிருந்த அதை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வந்து, கதவு நிலையில் போட்டேன். பாதி மூட்டை புதுக் கம்பளத்தின் மேல் விழுந்தது. கதவு அதில் வந்து மோதி நின்றது. உடனே எங்கேயோ ஓர் எச்சரிக்கை மணி விட்டுவிட்டுக் கத்த ஆரம்பித்தது. காற்று பனித்தூளை உள்ளே வாரி இறைத்தது.

கிரெட்சன் எழுந்து ஓடி வந்தாள். “வெர்னா, என்ன பண்றீங்க? சூடு எல்லாம் போகுது.”

“போகட்டும். வெளிய ஒருத்தனுக்கு அது வேண்டியிருக்கு.”

“இப்போ வேண்டாம். தயவுசெய்து. இன்னும் ஒரு மணி நேரம்.”

அவள் கண்கள் கலங்கியிருந்தன. அவளும் இந்த மையத்துக்காகத் தூக்கம் கெட்டவள்தான், அது எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்கு அவள் மேல் இரக்கம் வரவில்லை. பெவ் ஓர் அறையிலிருந்து வெளியே வந்து, ஒன்றும் கேட்காமல், கோட்டுகூடப் போடாமல் மூட்டையைத் தாண்டி வெளியே போனாள். ஆர்லினின் கையுறையை மெல்லக் கழற்றி விரல்களைத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டாள்.

ஓக்ஸ் அம்மாள் எழுந்து வந்தார். வயதானவர், மெல்லிய நகரத்துக் காலணி. கதவையும் மேலே இருந்த கேமராவையும் வெளியே நின்ற ஆர்லினையும் பார்த்தார்.

“இந்தப் பூட்டு எதுக்கு?” என்று கிரெட்சனிடம் கேட்டார்.

“பாதுகாப்புக்கு. சான்றுக்கு வேணும்னு...”

“நாங்க இதைக் கேக்கவே இல்லையே. எங்க விதியில இது எங்கயும் கிடையாது.”

ஆலோசகர், பெரிய மையங்கள், எல்லாருக்கும்தான்: எல்லாம் கிரெட்சன் முகத்தில் வந்து போயிற்று. யாருமே கேட்காத ஒரு பூட்டு. என் தம்பியின் விரல்கள் யாருமே கேட்காத ஒன்றுக்காக மரத்துப்போயின. எனக்குச் சிரிப்புகூட வரும் போல இருந்தது.

ஓக்ஸ் அம்மாள் என் பக்கம் திரும்பினார். “நீங்கதானே குடும்பத்தார் உறுப்பினர்? உங்களை நான் கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு. இங்கயே கேட்டுடறேன். இந்த மையம் யாரையாவது திருப்பி அனுப்புதா?”

மணி கத்திக்கொண்டே இருந்தது. ஜோலீன் தன் மேசைக்குப் பின்னால் இரண்டு கைகளையும் வாயில் வைத்திருந்தாள். ஆமாம் என்று சொன்னால் கோடையில் இந்தக் கதவு வேறு விதமாகப் பூட்டப்படும், அப்போது மணல் மூட்டையாலும் திறக்க முடியாது. இல்லை என்று சொன்னால் வெளியே நிற்பவன் யார்?

“இந்த மூட்டை இங்க கிடக்கிற வரைக்கும், இல்ல,” என்றேன்.

ஓக்ஸ் அம்மாள் என்னையே பார்த்தார். குளிரில் அவர் ஸ்வெட்டரின் கைகளை இழுத்து விரல்களை மூடிக்கொண்டார், ஆனால் உள்ளே போகவில்லை.

கிரெட்சன் குனிந்தாள். மூட்டையின் இரண்டு முனைகளையும் பிடித்தாள். நிலையில் நின்ற டுவேன் தன் பூட்ஸை எடுத்து மூட்டையின் மேல் வைத்தான், அழுத்தவில்லை, சும்மா வைத்தான். அவள் இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை. அவளுடைய முதுகைத் தாண்டிப் பனி உள்ளே வந்துகொண்டிருந்தது, கம்பளத்தின் மேல், கேக் தட்டின் மேல். படிக்குக் கீழே, பெவ்வின் கைகளுக்குள் கைகளை விட்டபடி, ஆர்லின் முதல் தடவையாக முகத்தைத் திருப்பி உள்ளே பார்த்தான்.